ஆயாவுக்கும் தெரியலை

மார்கழி முதல் ஞாயிறு. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரிக்கரை. ஆலமரத்தடியில் இரண்டு தார்ப்பாய், நாலு பெஞ்சு, ஒரு குண்டான் நிறையச் சுண்டல். எழுபது பேர் இருக்கலாம், பாதிக்கு மேல் பிள்ளைகள். குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் கரையோரப் புதர்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் நின்று, "என்னா தொலைஞ்சுபோச்சு?" என்று கேட்டார்.

ஒன்றும் தொலையவில்லை, ஓவியப் போட்டி என்றோம். அவருக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை.

நடத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குழு. ஒரு பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற தபால்காரர், கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நாலைந்து இளைஞர்கள், தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவர். வாரம் தவறாமல் ஏரிக்குள் முளைத்த சீமைக் கருவேலங் கன்றுகளைப் பிடுங்குவார்கள், மழைக்கு முன்னால் கரையில் பனங்கொட்டை ஊன்றுவார்கள். சங்கமும் இல்லை, பேனரும் இல்லை. இந்த முறை ஒருநாள் மண்வெட்டியை வைத்துவிட்டு பென்சில் எடுப்போம் என்று முடிவுசெய்து, என்னை மூன்று நடுவர்களில் ஒருவனாகக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குக் கோடுகூட நேராகப் போட வராது. செடிகொடிகளைப் பற்றி எழுதுகிறவன் என்பதுதான் தகுதி. அந்தத் தகுதியின் லட்சணம் பின்னால் வருகிறது.

விதிகள் மூன்றே மூன்று. நம் ஊர்ச் செடியைத்தான் வரைய வேண்டும். கப்பலில் வந்தது கூடாது. நேரில் பார்த்து வரைய வேண்டும். பறிக்கவும் கூடாது, செல்போனைப் பார்த்து வரையவும் கூடாது. மூன்றாவது விதிதான் எனக்குப் பிடித்தது: படத்தின் பின்பக்கத்தில் செடியின் பெயரையும், அந்தப் பெயரைச் சொன்ன ஆள் யார் என்பதையும் எழுத வேண்டும். 'கூகுள்' என்று எழுதினால் செல்லாது.

அதனால் போட்டி முந்தின வாரமே தொடங்கிவிட்டது. பிள்ளைகள் செடியைப் பார்த்துவைத்து, வீட்டிலும் தெருவிலும் பெயர் கேட்டு அலைந்திருக்கிறார்கள். அன்று படங்களைவிட முதுகுப்பக்கங்களைத்தான் நான் அதிகம் படித்தேன். 'எங்க ஆயா.' 'ஆடு மேய்க்கிற தாத்தா.' 'டீக்கடை அண்ணன், ஆனா அவரு சந்தேகமாத்தான் சொன்னாரு.' ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: 'அப்பாவைக் கேட்டேன். தெரியாதுன்னு சொல்லிட்டு அவங்க அம்மாவுக்கு போன் பண்ணாங்க.' ஒரே கொடியை இரண்டு பேர் வரைந்திருந்தார்கள். ஒருவர் படத்தில் அது வேலிப்பருத்தி, இன்னொருவர் படத்தில் உத்தாமணி. இரண்டும் சரி. இரண்டு ஆயாக்கள் இரண்டு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள், அவ்வளவுதான்.

பெயருக்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும் என்று சுண்டல் தின்றபடியே ஆசிரியையிடம் கேட்டேன். "குறிஞ்சிப்பாட்டு படிச்சிருக்கீங்கல்ல சார்?" என்று திருப்பிக் கேட்டார். தமிழ் வாத்தியார்கள் எல்லோரும் பெருமையோடு சொல்லும் பாட்டு. கபிலர் அதில் 99 பூக்களை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். ஆனால் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மலையேறினால் தொண்ணூற்றொன்பதையும் அடையாளம் காட்ட யாராலும் முடியாது. சில பூக்கள் எவை என்று உரைகாரர்கள் ஒன்று சொல்ல, தாவரவியலாளர்கள் வேறொன்று சொல்ல, சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது, பூ வழியில் எங்கோ இறங்கிவிட்டது. ஆசிரியையின் வாதம் இதுதான்: அன்றைக்கு யாராவது பக்கத்தில் ஒரு படம் போட்டு வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை.

படம் போட்டவர்கள் பிற்பாடு வந்தார்கள். இந்தக் கதை நம் பள்ளிப் புத்தகங்களில் இல்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர் ராபர்ட் வைட், ஸ்காட்லாந்துக்காரர். வைத்தியம் சம்பளத்துக்கு, செடி ஆசைக்கு. ஆட்களை அனுப்பித் தென்னிந்தியா முழுக்கச் செடி திரட்டினார். அவற்றை வரைந்து கொடுத்தவர்கள் இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. தஞ்சை அரண்மனை ஓவிய மரபோடு தொடர்புடையவர்களாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. வைட் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட 'ஐகோன்ஸ்' என்ற நூலில் மட்டும் 2,101 படத்தகடுகள். வண்ணம் கிடையாது, வெறும் கோடு. சென்னையிலேயே கல் அச்சில் அடித்தது. தகட்டின் ஓரத்தில் ஓவியரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நம்மூர்க் கைக்காரர்களுக்கு அடிக்கடி கிடைக்காத மரியாதை. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயியா' என்றே பெயர் வைத்தார் வைட். அந்தப் பெயர் இன்று நிலைக்கவில்லை, அந்தச் செடிகள் வேறொரு பேரினத்துக்குள் போய்விட்டன. வைத்த மனசு நிலைத்திருக்கிறது.

இவ்வளவு செய்த வைட், இன்னொரு பக்கம் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிராக்கும் அரசாங்கப் பரிசோதனையையும் நடத்தினார். ஒரு கையால் நாட்டுச் செடிக்குப் படம், இன்னொரு கையால் கப்பல் செடிக்குப் பாத்தி.

ரங்கையா, கோவிந்து படங்களில் பெரும்பங்கு இன்று எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய ஹென்றி நோல்ட்டி 2007இல் மூன்று தொகுதிகளாக வைட்டின் வாழ்க்கையையும் இந்த இருவரின் ஓவியங்களையும் பற்றி எழுதினார். நாம் மறந்த இரண்டு பெயர்களுக்கு ஸ்காட்லாந்தில் ஆய்வு நடந்திருக்கிறது. வெட்கப்பட வேண்டிய இடம்தான். ஆனாலும் அந்த நூல்களைப் புரட்டும்போது என் மனதில் பட்ட குறை வேறு. அவற்றில் செடிகளை வழிநடத்துவது லத்தீன் பெயர். அந்தச் செடியை வயல்வரப்பில் காட்டிக்கொடுத்தவர் என்ன பேர் சொல்லிக் காட்டினாரோ, அது பெரும்பாலும் படத்தோடு சேர்ந்து வரவில்லை.

பக்கத்து ஊரில் இந்தத் தப்பு நடக்கவில்லை. கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிகாரியாக இருந்த ஹென்றிக் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', ஆம்ஸ்டர்டாமில் 1678 தொடங்கி 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் சொன்ன பெயர்களை, படத்தின் மேலேயே மலையாள எழுத்தில் செதுக்கிப் போட்டார்கள். படமும் பெயரும் ஒரே தாளில். நம் பக்கம் அப்படி ஒருவர் வாய்த்திருக்கக் கூடும்: தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த ரோட்லர் பாதிரியார். மனுஷர் செடியும் திரட்டினார், தமிழ் அகராதியும் தொகுத்தார். ஆனால் செடி ஒரு பெட்டியிலும் சொல் வேறொரு பெட்டியிலும் போய்விட்டன. நம் காலத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே.எம். மேத்யூ பாதிரியார் 'தமிழ்நாடு கர்நாடிக்' சமவெளியின் தாவரங்களுக்கென்று கோட்டோவியங்களையே தனிப் புத்தகமாகப் போட்டார். 1980களின் உழைப்பு. ஏரிக்கரைக்கு வந்திருந்த கல்லூரி ஆசிரியர் பையில் அதன் நகல் பக்கங்கள் இருந்தன, ஓரம் மடங்கி, டீக்கறையோடு.

போட்டிக்கு வருகிறேன்.

முதல் அரை மணி நேரம் நம்பிக்கை தரவில்லை. நம் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்தால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, குடிசை, சாய்ந்த தென்னை வரும். ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டே அதை வரைந்தவர்கள் உண்டு. செடியை வரைந்தவர்களும் தண்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக இலை, உச்சியில் ஐந்து இதழ்ப் பூ என்று போட்டார்கள். அது எந்தச் செடியும் இல்லை. பள்ளிக்கூடத்துச் செடி.

"பார்க்காமயே வரையறீங்க. பார்த்துட்டு வரைங்க" என்று சொல்லிக்கொண்டே தபால்காரர் நடந்தார். அவரே ஒரு வேலை செய்தார். வேலியில் படர்ந்திருந்த காந்தளைக் காட்டி, தொடாதீங்க, கிழங்கும் விதையும் விஷம் என்று எச்சரித்துவிட்டு, "இந்தப் பூ எந்தப் பக்கம் பார்க்குது?" என்று கேட்டார். எல்லோரும் மேலே என்றார்கள். நம் மாநில மலர். சுவரில், காலண்டரில், அரசாங்கப் புத்தகத்தில் எத்தனையோ தடவை பார்த்தது. குனிந்து பார்த்தால் பூ தரையைப் பார்த்துத் தொங்குகிறது. இதழ்கள்தான் பின்பக்கமாக வளைந்து தீச்சுடர்போல் மேலே நிற்கின்றன. மகரந்தக் காம்புகள் குடைக்கம்பி மாதிரி பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. இலை நுனியே நீண்டு சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொள்கிறது, தனியாகப் பற்றுக்கொடி கிடையாது. நிறமும் ஒன்றில்லை. விரியும்போது பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், வாடும் முன் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்றும் இருந்தன. அதுவரை சிவப்பு கிரேயானை மட்டும் எடுத்து வைத்திருந்த பையன் மெல்ல டப்பாவைத் திறந்து மற்றவற்றையும் எடுத்தான்.

போட்டோ எடுத்தால் இதெல்லாம் வராதா என்று கேட்கலாம். வரும். ஆனால் போட்டோவில் கேமரா பார்க்கிறது, நாம் கிளம்பிவிடுகிறோம். வரைகிறவனால் கிளம்ப முடியாது. இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா என்று முடிவுசெய்யாமல் அடுத்த கோட்டைப் போட முடியாது. மொட்டையும் பூவையும் காயையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் ஓவியத்தால்தான் முடியும். இன்றும் புதிய செடி ஒன்றை உலகுக்கு அறிவிக்கும்போது தாவரவியலாளர்கள் கோட்டோவியம் சேர்ப்பதற்கு அதுதான் காரணம். 2018 மே 18 அன்று 25 நாடுகளில் ஒரே சமயத்தில் தாவர ஓவியர்கள் தத்தம் நாட்டுச் சொந்தச் செடிகளை மட்டுமே வரைந்து காட்சிக்கு வைத்தார்கள். அவர்கள் தேர்ந்த கலைஞர்கள். நம் ஏரிக்கரைக்காரர்களுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பெரியவர்கள் பிரிவில் ஓர் அம்மா தும்பையை வரைந்தார். வாழ்நாளில் தாளில் படம் போட்டதே இல்லையாம். விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார், விரலிடுக்கில் மாவு காயவில்லை. தும்பைப்பூ வெள்ளை, தாளும் வெள்ளை. எப்படி வரைவது? பலர் பூவுக்கு நீல விளிம்பு கட்டி ஒப்பேற்றினார்கள். இவர் பூவைத் தொடவே இல்லை. சுற்றியுள்ள பச்சையையும் நிழலையும் மட்டும் தீட்டினார், நடுவில் விட்ட இடம் பூவாகிவிட்டது. புள்ளியைச் சுற்றிக் கோடு போட்டுப் பழகிய கை. பிசிறு இல்லை, அழிரப்பர் தொட்ட தடம் இல்லை. பின்பக்கத்தில்: 'சொன்னது மாமியார். இப்போ இல்லை.'

பிள்ளைகள் பிரிவில்தான் கலாட்டா.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் நாகலிங்கப் பூவை வரைந்திருந்தாள். நேர்த்தி என்றால் அப்படி ஒரு நேர்த்தி. ஏரிக்கரைக்குப் பக்கத்துச் சிவன் கோயிலில் மரம் நிற்கிறது. அடிமரத்திலிருந்தே கிளைத்த காம்பு, தடித்த இதழ், உள்ளே குட்டி லிங்கம் போல் ஒரு மேடு, அதன்மேல் படம் எடுத்த பாம்பாகக் கவிந்த மகரந்தத் தாள்கள். எல்லாமே இருந்தது. கல்லூரி ஆசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இது தென் அமெரிக்க மரம். விதிப்படி எடுத்துக்க முடியாது."

அந்தப் பெண்ணின் அம்மா எழுந்துவிட்டார். "என்ன சார் சொல்றீங்க? ஈஸ்வரன் தலையில வைக்கிற பூ. இது நம்ம பூ இல்லன்னா எது சார் நம்ம பூ?"

நியாயமான கேள்வி. நாங்கள் மூன்று பேரும் விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். எனக்கு அன்று ரொம்பத் தைரியம். தமிழே இதற்கு முத்திரை குத்தி வைத்திருக்கிறதே என்று பிரசங்கம் வேறு செய்தேன். வெளியிலிருந்து வந்ததற்கு 'சீமை' போட்டார்கள் நம் ஆட்கள்: சீமைக் கருவேலம், சீமை அகத்தி. இந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதுதான் அப்படித் தேய்ந்தது. ஏறிவந்த துறைமுகமே பெயருக்குள் இருக்கிறது. அந்த அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "மிளகாய்க்கு என்ன சீமை போட்டீங்க?" என்றார். மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மிளகுக்குச் சொந்தக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் புகுந்துவிட்டது. என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் நாகலிங்கத்துக்குப் பரிசு இல்லை.

முதல் பரிசு கீழாநெல்லிக்கு. அதற்காக மற்ற இருவரோடும் வாதாடியவன் நான். ஆறாம் வகுப்புப் பையன். முழ உயரம்கூட இல்லாத செடி. மற்றவர்கள் மேலிருந்து பார்த்து வரைய, இவன் ஈர மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்து, அடியிலிருந்து அண்ணாந்து பார்த்து வரைந்தான். அங்கேதானே விஷயம் இருக்கிறது? இலையின் கீழே வரிசையாகத் தொங்கும் கடுகளவு நெல்லிக்காய்கள். பெயரிலேயே கீழ்க்காய் இருந்தும் மேலிருந்து பார்த்தால் காய் தெரியாது. அதைவிட நுட்பம் ஒன்றையும் பிடித்திருந்தான். கூட்டிலை போலத் தோன்றுவது உண்மையில் இலை அல்ல, சின்னக் கிளை. ஒவ்வொரு குட்டி இலையின் கக்கத்திலும் பூவோ காயோ இருப்பதுதான் அதற்குச் சாட்சி. பையனுக்கு இந்தப் பாடம் தெரியாது. கண்ணில் பட்டதை வைத்தான், அவ்வளவே. பரிசாக ஒரு கை லென்ஸும் வாட்டர் கலர் டப்பாவும் கொடுத்தோம். கைத்தட்டல். போட்டோ.

நாலு நாள் கழித்து இந்தக் கட்டுரைக்காகப் புத்தகங்களைப் புரட்டினேன். கீழாநெல்லி என்று நாம் பறிக்கிற செடி பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதன் பூர்விகம் அமெரிக்க வெப்பமண்டலம்.

மறுபடி படித்தேன். அதேதான். மஞ்சள் காமாலைக்கு மோரில் அரைத்துக் கொடுத்த நம் வீட்டுக் கீழாநெல்லி, நாகலிங்கத்தின் அதே கண்டத்துக்காரி. சொந்தச் செடிப் போட்டியில் சண்டை போட்டு முதல் பரிசை அயலூர்ச் செடிக்கு வாங்கிக்கொடுத்திருக்கிறேன். அதுவும் இன்னொரு அயலூர்ப் பூவை வாசலிலேயே நிறுத்திவிட்டு.

கல்லூரி ஆசிரியருக்கு போன் செய்தேன். "தெரியும் சார்" என்றார் அமைதியாக. அப்புறம் ஏன் வாயைத் திறக்கவில்லை? "நாகலிங்கத்துக்குச் சொன்னதுக்கே அந்த அம்மா அப்படி வந்துட்டாங்க. தவிர, அந்தப் பையன் மாதிரி கீழாநெல்லியை வரைஞ்ச மாணவன் எனக்கு பி.எஸ்சி வகுப்புல கிடைச்சதில்ல."

இதனால் எல்லாச் செடியும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. கீழாநெல்லி யாரையும் துரத்தவில்லை, கிடைத்த இடுக்கில் ஒதுங்கிக்கொள்கிறது. சீமைக் கருவேலம் அப்படியில்லை. ஏரிக்குள் இறங்கினால் வேறொன்றையும் எழ விடாது. உண்ணிச்செடி மலைக்காடுகளில் யானையும் மானும் மேய்ந்த புல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியப் படர்செடிகளை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது இவற்றை மனதில் வைத்துத்தான். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் அந்த உண்ணிச்செடிக் கம்புகளை வளைத்து நிஜ யானை அளவில் யானைகள் செய்கிறார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. பகைச்செடியைக் கலையாக்கியவர்களுக்கு என் போட்டி விதியைக் காட்டினால் சிரிப்பார்கள். ஆக, எந்தக் கப்பலில் வந்தாய் என்று மட்டும் கேட்ட எங்கள் விதி அரைகுறை. வந்து என்ன செய்தாய் என்றும் கேட்டிருக்க வேண்டும்.

ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, நாகலிங்கம் வரைந்த பெண் வீட்டுக்கு இன்னொரு லென்ஸோடு போய்வந்தார். அந்த அம்மா காபி கொடுத்து, "சார் வரலையா?" என்று மட்டும் கேட்டாராம். நான் போகவில்லை. போயிருக்கலாம்.

அன்று வந்த படங்களில் ஒன்றுக்குப் பரிசும் இல்லை, நிராகரிப்பும் இல்லை. கலங்கலுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஓடும் ஒரு கொடி. வரைந்தவன் நாலாம் வகுப்பு. ஓவியமாகப் பார்த்தால் சுமார். ஆனால் இலைக்கு மூன்று நரம்பு, விளிம்பில் பொடி ரோமம், கணுவுக்குக் கணு வேர், நகக்கண் அளவு ஊதாப் பூ என்று கணக்குப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் குறித்திருந்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பெயர் எங்கே என்று கேட்டதற்கு, "எங்க ஆயாவுக்கும் தெரியலை சார்" என்றான். ஆயா பொய்யாக ஒரு பெயரைச் சொல்லிச் சமாளிக்கவில்லை, இவனும் எதையாவது எழுதி வைக்கவில்லை. மேத்யூ பாதிரியாரின் நகல் பக்கங்களைத் தார்ப்பாய்மேல் பரப்பி, அரை மணி நேரம் பொருத்திப் பார்த்தோம். இரண்டு செடிகள் கிட்டத்தட்ட வந்தன. ஒன்றில் காய் ஒத்துவர வேண்டும். இவன் வரைந்த அன்று காய் வைக்கவில்லை.

காய்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். பொங்கல் கழிந்து, படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பையனையும் கூட்டிக்கொண்டு கலங்கலுக்குப் போனோம். கரையைச் சுத்தமாகச் செதுக்கியிருந்தார்கள். புல், பூண்டு, கொடி ஒன்றும் இல்லை; செம்மண் பளபளவென்று இருந்தது. செதுக்கியவர்கள் மேல் குற்றமில்லை, கரையைச் சுத்தமாக வைக்கச் சொன்னால் இப்படித்தான் வைப்பார்கள்.

பையன் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் குனிந்து பார்த்தான். பிறகு படத்தை என் கையிலிருந்து வாங்கி, வரைந்த அன்று உட்கார்ந்த கல் எது என்று தேடிப்பிடித்து, கல்லிலிருந்து கொடி இருந்த இடத்துக்கு எத்தனை அடி என்று காலால் அளந்தான். ஏழு. பின்பக்கத்தில், பெயர் எழுத வேண்டிய இடத்தில், அதை எழுதினான்: 'கல்லுலேர்ந்து ஏழு அடி. ஐப்பசி மழைக்கு அப்புறம் பார்க்கணும்.'